ஓட்ஸ் குளியல், தேங்காய் எண்ணெய், ஒரு மூலிகை டப்பா: மகளின் கரப்பானோடு ஆறு மாதம்

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். இதைத் தேடி வருபவர்களில் பாதிப் பேர் நடுராத்திரியில் ஒரு கையில் குழந்தையும் மறு கையில் போனுமாக உட்கார்ந்திருப்பீர்கள். நானும் அப்படி உட்கார்ந்தவன்தான்.

ஓட்ஸ் குளியல்: அரிப்பு குறைகிறது, தாராளமாகச் செய்யலாம். விர்ஜின் தேங்காய் எண்ணெய்: புண் ஆறிய தோலுக்கு நல்ல காவல். காலெண்டுலா என்ற பூவைச் சேர்த்துச் செய்த பாம்: எங்கள் மகளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத மூலிகைக் களிம்பு: தொடவே வேண்டாம். எக்ஸிமா எனப்படும் இந்தக் கரப்பான் கொழுந்துவிட்டு எரியும்போது இந்த நான்கில் எதுவும் அதை அணைக்காது. எது அணைத்தது, அதன் பிறகு முதல் இரண்டும் எப்படிக் கைகொடுத்தன என்பதைத்தான் எழுத வந்தேன்.

மகளுக்கு இப்போது பத்து மாதம். மூன்றாம் மாதக் கடைசியில் இரண்டு கன்னத்திலும் சிவப்பு படர்ந்தது. நான்காம் மாதத்தில் நெற்றி, காதுக்குப் பின்புறம், முழங்கையின் வெளிப்பக்கம், கெண்டைக்கால் என்று இறங்கிவிட்டது. அந்த வயதுப் பிள்ளைக்குக் கையால் சொறியத் தெரியாது, தேய்க்கத்தான் தெரியும். தோளில் போட்டால் கன்னத்தை என் சட்டையில் அழுத்தி அப்படியும் இப்படியும் தேய்ப்பாள். தேய்க்கத் தேய்க்க மூச்சு வாங்கும், அழுகை வராது, தேய்ப்பு மட்டும் நிற்காது. காலையில் பார்த்தால் சட்டையின் வலது தோளில் மஞ்சளாக நீர் காய்ந்த தடம், அதன் நடுவே மிளகு தூவினாற்போல ரத்தப் புள்ளிகள். தொட்டிலில் போட்டால் விரிப்பில் தலையைத் தேய்க்கும் சரக், சரக் சத்தம். அந்தச் சத்தத்துக்கு எழுந்து எழுந்து, சத்தம் இல்லாத ராத்திரியிலும் எழுந்துகொள்ளும் பழக்கம் வந்துவிட்டது எனக்கு.

குழந்தை மருத்துவர் பார்த்ததும், "டயப்பர் கழட்டிக் காட்டுங்க" என்றார். கன்னத்தைக் காட்ட வந்த எங்களுக்கு ஏன் என்று புரியவில்லை. கழற்றினால் அந்த இடம் மட்டும் பட்டுப்போல இருந்தது. கைக்குழந்தைகளுக்கு வரும் அடோபிக் எக்ஸிமா பெரும்பாலும் டயப்பர் போடும் இடத்தை விட்டுவிடும், அங்கே ஈரம் தங்குவதும் ஒரு காரணம் என்று விளக்கினார். ஒரு மாய்ஸ்சரைசரும், மிதமான ஸ்டீராய்டு களிம்பு ஒரு ட்யூபும் எழுதித் தந்தார். மாய்ஸ்சரைசரைப் பிரித்தோம். ட்யூபை அலமாரி டிராயரில் போட்டோம். ஸ்டீராய்டு என்ற சொல்லைப் பார்த்ததும் மனைவிக்கும் எனக்கும் கை வரவில்லை. அம்மாவிடம் போனில் சொன்னபோது, "பச்சப்புள்ளைக்குப் போய் அதைத் தடவாதப்பா" என்றார். அதோடு முடிவாகிவிட்டது. அந்த ட்யூப் ஆறு வாரத்துக்கும் மேல் சீல் உடைக்காமல் கிடந்தது. அந்த நாட்களில்தான் இயற்கையாக என்ன இருக்கிறது என்று தேடித் தேடி வாங்கினோம்.

இனி எப்படி அளந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்த விமர்சனத்துக்கு மதிப்பில்லை. எக்ஸிமாவுக்குப் போயம் என்று ஒரு கேள்வித்தாள் உண்டு. ஏழே கேள்விகள். போன ஒரு வாரத்தில் எத்தனை நாள் அரித்தது, எத்தனை ராத்திரி தூக்கம் கெட்டது, எத்தனை நாள் ரத்தம் கசிந்தது, நீர் வடிந்தது, தோல் வெடித்தது, செதில் உதிர்ந்தது, வறண்டு சொரசொரப்பாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். மொத்தம் 28. எட்டுக்குக் கீழே இருந்தால் லேசானது, 17 தொட்டால் கடுமையானது. ஞாயிறு ராத்திரிதோறும் நானும் மனைவியும் உட்கார்ந்து போட்டோம். எதையும் ஒரே நேரத்தில் இரண்டாக ஆரம்பிக்கவில்லை. தூக்கமில்லாத பெற்றோருக்கு ஞாபகம் நம்பகமானதாக இருக்காது. நேற்றைவிட இன்று பரவாயில்லை என்று மனம் எதையாவது பிடித்துக்கொள்ளப் பார்க்கும். காகிதத்தில் எழுதிய எண் அப்படி ஆறுதல் சொல்லாது. ஆரம்பித்தபோது அவளுடைய எண் 19.

நோயைப் பற்றி ஒரு சிறு விளக்கம். நம் தோலின் மேலடுக்கு செங்கல் சுவர் போல. செல்கள் செங்கல், நடுவே செராமைடு முதலான கொழுப்புகள் சாந்து. செங்கலை இறுக்கமாக அடுக்கித் தருவதில் ஃபிலாக்ரின் என்ற புரதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தப் புரதத்துக்கான மரபணுவில் உள்ள குறைக்கும் எக்ஸிமாவுக்கும் தொடர்பு இருப்பதை 2006இல் கண்டுபிடித்தார்கள். எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தக் குறை இருக்காது, ஆனால் சுவரில் விரிசல் என்பது எல்லோருக்கும் பொது. விரிசல் வழியே உள்ளே இருக்கும் ஈரம் போகும், வெளியே இருக்கும் எரிச்சலூட்டும் பொருள் உள்ளே வரும், உடம்பு சண்டைக்கு நிற்கும், சிவக்கும், அரிக்கும். சொறிந்தால் விரிசல் இன்னும் பெரிதாகும். இதற்கு மேல் சோப்புப் போடுவது எரியும் தீயில் எண்ணெய் வார்ப்பது போல. தோல் இயல்பாகவே சற்று அமிலத்தன்மை கொண்டது, சாதாரண சோப்புக் கட்டியோ காரத்தன்மை. சோப்பை முதல் வாரமே நிறுத்தினோம். நீங்களும் இதைப் படித்து முடிப்பதற்குள் நிறுத்திவிடலாம்.

ஆலிவ் எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. நாங்கள் முதலில் எடுத்தது அதைத்தான், சுத்தமானது, விலை உயர்ந்தது என்று. இரண்டு வாரம் தினம் தடவினோம். எண் குறையவில்லை, கெண்டைக்காலில் செதில் அதிகமானது. பிறகுதான் 2013இல் வந்த ஓர் ஆய்வைப் படித்தேன். பெரியவர்களின் தோலில் சில வாரம் தடவிப் பார்த்ததில், ஆலிவ் எண்ணெய் தோலின் மேலடுக்கைக் கெடுத்திருக்கிறது, சூரியகாந்தி எண்ணெய் கெடுக்கவில்லை. ஆலிவில் அதிகமாக இருக்கும் ஒலிக் அமிலம் அந்தச் சாந்தைக் குலைப்பதாகச் சொல்கிறார்கள். எண்ணெய் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நான் நினைத்திருந்தது தப்பு.

அடுத்து ஓட்ஸ். இதைப் பற்றி மனம் நிறைந்து எழுதலாம்.

கடையில் கூழ்ம ஓட்ஸ் என்று, தண்ணீரில் கலந்து நிற்கும் அளவுக்கு நைசாக அரைத்த தூள், சின்னச் சின்னப் பொட்டலமாக வருகிறது. முதல் பெட்டி வாங்கியது, பிறகு வீட்டிலேயே அரைத்தோம். சர்க்கரையோ வாசனையோ சேர்க்காத வெறும் ஓட்ஸை, துளி ஈரமில்லாத மிக்சி ஜாரில் போட்டு, முகத்துக்குப் போடும் பவுடர் போல ஆகும்வரை விட்டு விட்டு ஓட்ட வேண்டும். மூடியை உடனே திறக்காதீர்கள், தூள் கிளம்பி மூக்கில் ஏறும், குழந்தை பக்கத்தில் இருக்கவே கூடாது. அப்புறம் மெல்லிய துணியில் சலிக்க வேண்டும். சரியாக அரைந்ததா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டித் தூளைப் போட்டுக் கலக்குங்கள். தண்ணீர் பால் மாதிரி வெளுத்து, கால் மணி நேரம் கழித்தும் அப்படியே இருந்தால் தேறிவிட்டது. மேலே தெளிந்து அடியில் மணல் மாதிரி தங்கினால் மறுபடி அரைக்க வேண்டும். என் முதல் இரண்டு முயற்சியும் அடியில் தங்கியது. அதை அப்படியே தொட்டியில் கொட்டியதில் திப்பி அவள் தொடை மடிப்பில் போய் ஒட்டிக்கொண்டது, அதை எடுக்கத் துடைத்ததே அவளுக்கு எரிச்சல். அரைக்க அலுப்பாக இருந்தால் பொட்டலமே வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுத் தூளில் குறை எதுவும் இல்லை, ஆனால் பொட்டலத் தூளின் நைசு மிக்சியில் வருவதில்லை.

குழந்தைத் தொட்டிக்கு ஒரு கப்பில் மூன்றில் ஒரு பங்கு போதும். வெதுவெதுப்பான தண்ணீர், உங்கள் முழங்கையை வைத்தால் சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது. பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முதல் நாள் அவளை இறக்கியபோது உடம்பை விறைப்பாக்கிக்கொண்டு இருந்தாள். உள்ளங்கையில் அந்தப் பால் தண்ணீரை அள்ளி அள்ளிக் கன்னத்தில் ஒற்றினேன், தேய்க்கவில்லை. மூன்றாம் நிமிடமோ நான்காம் நிமிடமோ, மூடியிருந்த கை மொட்டு விரிவது போல மெதுவாகத் திறந்தது. கழுத்து என் முன்கையில் சாய்ந்தது. பல நாள் கழித்து அவள் உடம்பு தளர்ந்து நான் பார்த்தது அப்போதுதான். அன்று ராத்திரி தொடர்ந்து மூன்று மணி நேரம் தூங்கினாள்.

பிள்ளை மீன்குட்டி மாதிரி வழுக்குவாள், கையை எடுக்கவே எடுக்காதீர்கள். தொட்டியின் அடியில் ஒரு துணியை விரித்துவிட்டு இறக்குவது நல்லது. கரைத்த தண்ணீரை மறுநாளைக்கு எடுத்து வைக்க வேண்டாம், கிருமி வளர அது நல்ல சத்து. தூளைப் பருத்தித் துணியில் மூட்டையாகக் கட்டி தண்ணீரில் பிழிந்தால் சாக்கடை அடைக்காது.

ஓட்ஸில் அப்படி என்ன இருக்கிறது என்றால், பீட்டா குளுக்கான் என்ற பிசுபிசுப்பான சர்க்கரைச் சேர்மம் தோல்மேல் மெல்லிய படலமாகப் படிந்து ஈரத்தைப் பிடித்துக்கொள்கிறது. அவெனாந்திரமைடு என்ற பொருள்கள் அழற்சியையும் அரிப்பையும் தணிக்கின்றன. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2003இல் கூழ்ம ஓட்ஸைத் தோல் காக்கும் பொருள் என்று முறைப்படி ஏற்றுக்கொண்டது. ஆனால் இதில் அளவுக்கு மீறிய நம்பிக்கையும் வேண்டாம். குளிக்கும் தண்ணீரில் கலக்கும் எண்ணெய் வகைகளை வைத்து பிரிட்டனில் 483 குழந்தைகளிடம் ஒரு பெரிய சோதனை நடத்தி, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான பூச்சோடு இதையும் சேர்த்ததால் குறிப்பிடத்தக்க பலன் எதுவும் தெரியவில்லை. அது ஓட்ஸைச் சோதித்தது அல்ல என்றாலும் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. குளித்து எழுந்த மூன்று நிமிடத்துக்குள், தோல் ஈரமாக இருக்கும்போதே நாம் பூசுவதுதான் பெரிய வேலை. எங்கள் கணக்கில் இரண்டு வார ஓட்ஸ் குளியலில் எண் 19இலிருந்து 15க்கு வந்தது. குறைந்தது முழுக்க அரிப்பிலும் தூக்கத்திலும்தான். ரத்தமும் வெடிப்பும் அப்படியே இருந்தன.

காலெண்டுலா பாம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். டப்பாவில் முழுக்க முழுக்க இயற்கை என்று போட்டிருந்தது. திறந்தால் பூவாசம், மனைவிக்கு மிகவும் பிடித்திருந்தது. நான்காம் நாள் கன்னத்தில் புதிதாகச் சின்னச் சின்னப் பொரி. பின்பக்கம் இருந்த பட்டியலை அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். லாவெண்டர் எண்ணெய், ஜெரேனியம் எண்ணெய், லிமோனின், லினலூல். கடைசி இரண்டும் வாசனை எண்ணெய்களில் இயற்கையாகவே இருப்பவை, தோல் ஒவ்வாமையைத் தூண்டக்கூடியவை என்று அறியப்பட்டவை. காலெண்டுலாவும் சாமந்தியும் ஒரே தாவரக் குடும்பம், அந்தக் குடும்பத்தின் மேலேயே ஒவ்வாமை உள்ளவர்களும் உண்டு. எந்தச் சரக்கு அவளைக் குத்தியது என்று எனக்குத் தெரியாது. எண் 18க்கு ஏறியதும் எடுத்துத் தூக்கிப் போட்டேன். அன்றிலிருந்து எதை வாங்கினாலும் டப்பாவின் முன்பக்கத்தைப் பார்ப்பதில்லை, பின்பக்கத்தை மட்டும்தான் பார்க்கிறேன். பட்டியல் நாலு வரியைத் தாண்டினால் திரும்பி அலமாரியிலேயே வைத்துவிடுவேன்.

அந்த மூலிகை டப்பாவுக்கு வருகிறேன். இதை எழுதும்போது இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

தெரிந்தவர் ஒருவர் அன்போடு கொண்டுவந்து கொடுத்தார். வெள்ளை பிளாஸ்டிக் டப்பா, திருகு மூடி, பச்சை எழுத்தில் இலைப் படம், பக்கவிளைவு இல்லாத மூலிகை என்ற ஒரு வரி. பொருள் பட்டியல் இல்லை, தயாரித்த தேதி இல்லை. களிம்பு பளபளவென்று வெண்மையாக இருந்தது, மூலிகை வாசனை லேசாகத்தான் வந்தது. முதல் நாள் ராத்திரி தடவினோம். மறுநாள் மாலை சிவப்பு மங்கிவிட்டது. மூன்றாம் நாள் கன்னம் தெளிந்துவிட்டது. நாலாம் நாள் மனைவி அவள் கன்னத்தோடு கன்னம் வைத்து அழுதுவிட்டாள், அத்தனை வழவழப்பு. அந்த ஞாயிறு நாங்கள் போட்ட எண் 4. போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினோம். டப்பா மூன்று வாரத்தில் தீர்ந்தது. தீர்ந்த ஐந்தாம் நாள் முகம் முழுக்கக் கனன்றது. முன்பு இல்லாத இமையில்கூடச் சிவப்பு. எண் 21.

அந்த டப்பாவோடு தோல் மருத்துவரிடம் போனோம். அவர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எத்தனை நாள்ல சரியாச்சு?" என்று மட்டும் கேட்டார். மூன்று நாள் என்றேன். "மூணு நாள்ல கரப்பானைத் துடைச்சு எடுக்கிற இலை எனக்குத் தெரிஞ்சு கிடையாதுங்க. இதுல என்ன இருக்குன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஆனா சந்தேகம் இருக்கு" என்றார். அவர் சொல்லித்தான் 1999இல் லண்டனில் நடந்த ஆய்வைப் பற்றி அறிந்தேன். எக்ஸிமாவுக்கென்று கொடுக்கப்பட்ட 11 மூலிகைக் களிம்புகளைப் பரிசோதித்ததில் 8 களிம்பில் டெக்ஸாமெத்தசோன் இருந்திருக்கிறது. அது வீரியமான ஸ்டீராய்டு, டப்பாவில் அதைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. எங்கள் டப்பாவை யாரும் பரிசோதிக்கவில்லை, அதனால் அதில் இன்னது இருந்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மருத்துவர் அளவு பார்த்து எழுதித் தந்த ட்யூபுக்குப் பயந்து டிராயரில் பூட்டிவிட்டு, பெயரே இல்லாத ஒன்றை மூன்று வாரம் பிள்ளையின் முகத்தில் பூசியிருக்கிறோம். அது என் கையால் நடந்தது.

"டாக்டர், நாங்க இயற்கையாவே பார்த்துக்கணும்னு நெனைச்சோம்" என்றேன். அவர் கோபப்படவில்லை. "எரியிற வீட்டுக்கு யாராவது வெள்ளையடிப்பாங்களா? முதல்ல அணைச்சுடுவோம். அப்புறம் உங்க ஓட்ஸ், தேங்காய் எண்ணெய் எல்லாம் தாராளமாப் பண்ணுங்க. நானே சொல்லித் தர்றேன்" என்றார்.

முகத்துக்கு ஹைட்ரோகார்டிசோன் 1 சதவீதம், கை காலுக்கு அதைவிட ஒரு படி கூடுதலானது. எத்தனை நாள், எப்போது குறைப்பது, எப்போது நிறுத்துவது என்று காகிதத்தில் எழுதித் தந்தார். அளவு காட்டியது இப்படி: பெரியவரின் ஆட்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை ட்யூபிலிருந்து ஒரு கோடு பிதுக்கினால் கிட்டத்தட்ட அரை கிராம். அது பெரியவரின் இரண்டு உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, எவ்வளவு பரப்போ அவ்வளவு தோலுக்குப் போதும். ஸ்டீராய்டைப் பொட்டு வைப்பது போல் பயந்து பயந்து தடவினால் தீ அணையாது, பல வாரம் இழுத்துக்கொண்டே போகும் என்றார். உங்கள் குழந்தைக்கு எது, எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும், என் காகிதம் என் மகளுக்கு மட்டும்.

ஒரு வாரத்தில் எண் 6.

அதே நாளில் இன்னொன்றும் கேட்டார், மாய்ஸ்சரைசர் ஒரு ட்யூப் எத்தனை நாள் வருகிறது என்று. ஒரு மாதம் என்று பெருமையாகச் சொன்னேன், 50 கிராம் ட்யூப். எக்ஸிமா உள்ள குழந்தைகளுக்கு வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் பூச்சு வேண்டும் என்று பிரிட்டன் மருத்துவ வழிகாட்டுதல் சொல்கிறதாம். கைக்குழந்தை உடம்புக்கு அதில் குறைந்த அளவே நிறைய, ஆனாலும் நாங்கள் பூசியது பூசியதே அல்ல. தோலில் ஒரு மினுக்கம் தெரியும்வரை, முடி வளரும் திசையில் நீவிவிடச் சொன்னார்.

இப்போது தேங்காய் எண்ணெய். புண்ணெல்லாம் மூடி, இரண்டு வாரம் ஆன பிறகுதான் ஆரம்பித்தோம். முதலில் முன்கையில் ஒரு நாணய அளவு இடத்தில் மூன்று நாள் தடவிப் பார்த்தோம். காய்ச்சிச் சுத்திகரிக்காத விர்ஜின் வகை, பட்டியலில் ஒரே ஒரு பொருள். குளிர்ந்த அறையில் வெள்ளையாக உறைந்திருக்கும், விரலில் எடுத்து உள்ளங்கையில் வைத்த நொடியே உருகிவிடும். அந்த உருகலை நான் பயன்படுத்திக்கொண்டேன். என் கையில் உருகினால் அவள் தோலில் இழுக்க வேண்டியதில்லை, கை தானாக வழுக்கிப் போகும்.

இதற்கு ஆதாரமும் இருக்கிறது. 2014இல் பிலிப்பைன்ஸில் லேசான, நடுத்தரமான எக்ஸிமா உள்ள 117 குழந்தைகளுக்கு எட்டு வாரம் பூசிப் பார்த்தார்கள். விர்ஜின் தேங்காய் எண்ணெய் பூசியவர்களுக்கு நோயின் அளவெண் சராசரியாக 68 சதவீதம் குறைந்தது, மினரல் ஆயில் பூசியவர்களுக்கு 38 சதவீதம். அதற்கு முன்பு 2008இல் பெரியவர்களிடம் நடந்த ஆய்வு ஒன்றில், தோலில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி இருந்த 20 பேரில், தேங்காய் எண்ணெய் பூசிய பிறகு ஒருவரிடம்தான் மிஞ்சியது. எக்ஸிமா தோலில் குடியேறி நோயைக் கிளறிவிடும் கிருமி அது. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம், அதற்குக் கிருமியை அடக்கும் குணம் உண்டு. ஆனால் லேசான, நடுத்தரமான என்ற சொற்களைக் கவனியுங்கள். எண் 19இல் இருந்தபோது இதைத் தடவியிருந்தால் நான் எண்ணெயைக் குறை சொல்லி எழுதியிருப்பேன்.

குறை இல்லாமல் இல்லை. எண்ணெய்க்குள் தண்ணீர் இல்லை, வறண்ட தோலில் மட்டும் பூசினால் வறட்சி அப்படியே உள்ளே மாட்டிக்கொள்ளும். குளித்த ஈரத்தின்மேல், அல்லது மாய்ஸ்சரைசருக்கு மேல் பூசினால்தான் பலன். பகலில் வெறும் எண்ணெய் இரண்டு மணி நேரம்கூட நிற்கவில்லை. வாயோரம், தாடையில் எச்சில் வடியும் இடத்துக்கு வாசனையில்லாத பெட்ரோலியம் ஜெல்லியே மேல். ஏழாம் மாதம் பல் முளைக்கும்போது எச்சில் ஊற்றி எண் 11க்கு ஏறியது. பால் குடிக்கும் முன்பும் தூங்கப் போடும் முன்பும் கன்னத்தில் ஜெல்லி பூசி, ஸ்டீராய்டு ட்யூபை நான்கு நாள் எடுத்து, எண்ணை இறக்கினோம். அந்த ஜெல்லியை இயற்கை என்று சொல்ல முடியாது, அதனால் என்ன? எண்ணெயோ ஜெல்லியோ ஊறிப்போன துணி எளிதில் தீப்பிடிக்கும், அந்தத் துணிகளை அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

தோல் மருத்துவர் எங்களைக் கண்டிப்பாக எச்சரித்தது ஒன்று உண்டு. உணவுப் பொருளை வெடித்த தோலில் பூசக்கூடாது. நிலக்கடலை எண்ணெய் கலந்த பூச்சுகளை வெடித்த தோலில் போட்ட குழந்தைகளுக்குக் கடலை ஒவ்வாமை கூடுதலாக வந்ததை 2003இல் ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. வாய் வழியே போனால் உடம்பு பழகிக்கொள்கிறது, விரிசல் வழியே போனால் பகையாளி என்று நினைத்துக்கொள்கிறது. பால், தேன், பாதாம் எண்ணெய் என்று கேட்டதையெல்லாம் பூச நினைப்பவர்கள் இதை மறக்க வேண்டாம். ஓட்ஸும் உணவுதான், சில குழந்தைகளுக்கு அதற்கும் ஒவ்வாமை வரும். நாங்கள் நீர் வடியும் புண் இருக்கும் நாளில் ஓட்ஸ் தொட்டியை எடுப்பதில்லை.

பட்டுத்துணி உடை, தண்ணீரை மென்மையாக்கும் கருவி இரண்டையும் பலர் சிபாரிசு செய்தார்கள். இரண்டையுமே குழந்தைகளிடம் முறையாகச் சோதித்துப் பார்த்து எக்ஸிமாவுக்குப் பலனில்லை என்று கண்டிருக்கிறார்கள். அந்தப் பணத்தில் நல்ல பூச்சு பெரிய டப்பாவாக வாங்கலாம். பருத்தித் துணி, ஒட்ட வெட்டிய நகம், குளிர்ச்சியான அறை போதும்.

வீட்டு வைத்தியம் எதையும் நினைக்காமல் உடனே ஓட வேண்டிய நேரமும் உண்டு. தேன் நிறத்தில் பொருக்குத் தட்டினால் கிருமித் தொற்று. ஒரே அளவில், ஊசியால் குத்தினாற்போன்ற சின்னப் புண்கள் கொத்தாக வந்து, காய்ச்சலும் சோர்வும் சேர்ந்தால் அது ஹெர்பிஸ் வைரஸாக இருக்கலாம், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உதட்டில் அக்கி மாதிரிக் கொப்புளம் உள்ளவர் யாராக இருந்தாலும் எக்ஸிமா குழந்தையை முத்தமிட விடாதீர்கள். சொந்தக்காரர் மனம் வருந்துவார் என்று பார்க்க வேண்டாம்.

இப்போது எங்கள் நாள் இப்படிப் போகிறது. சாயங்காலம் ஐந்து நிமிடக் குளியல், வாரத்துக்கு மூன்று நாள் ஓட்ஸோடு. ஒற்றி எடுத்த ஈரத்தின்மேல் மாய்ஸ்சரைசர், கை காலில் அதன்மேல் தேங்காய் எண்ணெய், கன்னத்தில் ஜெல்லி. ட்யூப் அதே டிராயரில்தான் இருக்கிறது, சீல் உடைத்து, திறந்த தேதியை மூடியில் எழுதி வைத்திருக்கிறோம். சிவந்த அன்றே எடுக்கிறோம், சொன்ன நாளில் நிறுத்துகிறோம். அம்மாவுக்கும் காகிதத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். "அப்ப சரிப்பா" என்றார்.

போன ஞாயிறு எண் 3. அதில் இரண்டு வறட்சிக்கு, ஒன்று அரிப்புக்கு. தூக்கத்துக்கு நேராக 0 போட்டோம். இதை எழுதும் இந்த நேரம் அவள் என் வலது தோளில்தான் கிடக்கிறாள், தேய்க்காமல். ஓட்ஸ் டப்பா அடியைத் தொட்டுவிட்டது. அவளை இறக்கிவிட்டு, மிக்சிச் சத்தம் கேட்காத தூரத்தில் கதவைச் சாத்தி, நாளைக்குக் கொஞ்சம் அரைத்து வைக்க வேண்டும்.